அணைக்குள் இருந்த நண்டு

அந்தக் காலத்தில், மனிதர் பேச்சும் மற்ற உயிர்களின் பேச்சும் ஒன்றாகவே இருந்தபோது, செங்காட்டாறு என்று ஓர் ஆறு இருந்தது. ஆறு என்றதும் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கக் கிளம்பிவிடாதீர்கள். வருஷத்தில் முந்நூற்று அறுபது நாள் அது வெறும் மணல். ஆடுகள் படுத்து அசைபோடும். மிளகாய் காயப்போடுவார்கள். மிச்சம் இருக்கும் ஐந்து நாள்தான் அது ஆறு.

அந்த ஐந்து நாள் எது என்று யாருக்கும் தெரியாது. மழை இங்கே பெய்யாது, மேற்கே மலையில் எங்கோ பெய்யும். இங்கே உச்சி வெயில் மண்டையைப் பிளக்கும், வானத்தில் பஞ்சளவு மேகம் இருக்காது. திடீரென்று மணலுக்குள் ஒரு உறுமல் கேட்கும். என்ன என்று திரும்புவதற்குள் இடுப்பளவு செந்தண்ணீர், முள்ளும் சருகும் செத்த பாம்புமாக எதிரே வந்து நிற்கும். பிறந்ததிலிருந்து பார்த்தவர்களுக்கும் ஒவ்வொரு தடவையும் நெஞ்சு திக்கென்றுதான் ஆகும்.

அந்தத் தண்ணீரை நம்பி இரண்டு ஊர் இருந்தது. மேலே மேலப்பட்டி, ஒரு நாழிகை நடையில் கீழே கீழப்பட்டி. இரண்டு ஊருக்கும் கிணறு, கண்மாய் ஒன்றும் கிடையாது. அவர்கள் செய்தது இவ்வளவுதான். ஆற்றுக்குக் குறுக்கே மணலையும் வேலமுள்ளையும் அடுக்கி ஓர் அணை போடுவார்கள். வெள்ளம் வந்து அதில் முட்டி, பக்கத்து வாய்க்காலில் திரும்பி, வயலுக்குள் பாயும். வயல் வரப்பெல்லாம் இடுப்பு உயரம். தண்ணீர் முழங்காலளவு நின்று, இரண்டு மூன்று நாளில் ஊறி இறங்கும். மேலே வண்டல் படியும். அதை உழுது சோளம் விதைத்தால், பிறகு ஒரு சொட்டு மழை இல்லாவிட்டாலும் அந்த ஒரு ஊறலிலேயே கதிர் வந்துவிடும்.

மேலப்பட்டி நிறைந்தபின் என்ன ஆகும்? வெள்ளத்தின் வேகம் கூடக் கூட மணல் அணை தானே அறுத்துக்கொண்டு போய்விடும். தண்ணீர் கீழே இறங்கி கீழப்பட்டி அணையில் போய் முட்டும். ஒருத்தரும் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. ஒரே தொல்லை, வருஷா வருஷம் ஒரு மாதம் முதுகு ஒடிய அணையை மறுபடி கட்ட வேண்டும்.

மேலப்பட்டியில் அணை வேலைக்குப் பெரிய கை பூலாண்டி. எந்த இடத்தில் எத்தனை கூடை மண் என்று அவன் சொன்னால் ஊர் கேட்கும். கெட்டிக்காரன்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ரோஷக்காரன். அவனுக்கு ஒரே தங்கை, ஒச்சம்மாள். அவளைக் கீழப்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

ஒரு சமயம் தொடர்ந்து இரண்டு வருஷம் அணை முன்னாலேயே அறுந்துவிட்டது. மேலப்பட்டி வயலில் கணுக்கால் நனைந்ததோடு சரி. கீழப்பட்டிக்கு அறுந்த தண்ணீர் மொத்தமாகப் பாய்ந்து, அவர்கள் அணையையும் இழுத்துக்கொண்டு போய்விட்டது. இரண்டு ஊரிலும் சோளம் முழங்கால் உயரத்திலேயே காய்ந்தது. ஒச்சம்மாள் வீட்டில் மிஞ்சியது ஒரு மரக்கால் விதைச் சோளம். அதைச் சாம்பலில் புரட்டி, பானையில் போட்டு வாயை மண்ணால் பூசி வைத்திருந்தாள். பிள்ளைகள் பசியென்று அழுதபோதும் அந்தப் பானையை அவள் தொடவில்லை. அடுத்த வெள்ளம் தவறினால் விதையும் இல்லை, ஊரும் இல்லை.

பூலாண்டி அந்த வருஷம் ஒரு முடிவுக்கு வந்தான்.

"மணலும் முள்ளும் என்னாத்துக்கு? கல்லைப் போட்டு, குட்டையில கெடக்குற கரம்பைக் களிமண்ணைக் குழைச்சு, திமிசு போட்டு இறுக்குவோம். அறுக்கவே அறுக்காது" என்றான். திமிசு என்றால் தெரியுமல்லவா, நாலு பேர் சேர்ந்து தூக்கி மண்ணை இடித்து இறுக்கும் கட்டை.

ஊருக்குக் கேட்க நன்றாகத்தான் இருந்தது. வருஷா வருஷம் கட்ட வேண்டாம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்? மொக்கையன் என்று பக்கத்து வயல்காரன் ஒருத்தன் மட்டும், "அறுக்கலேன்னா கீழப்பட்டிக்கு எப்படிப் போகும்?" என்று கேட்டான். மற்றவர்கள் அவனைப் பார்த்த பார்வையில் அவன் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அதே கேள்வியை ஒச்சம்மாளும் வந்து கேட்டாள். அண்ணன் முகத்தில் ஒரு கோணலும் இல்லை.

"ஏ ஒச்சு, எங்க வயல் முழங்கால் நின்னதும் நானே ஏறி நின்னு ஒரு வெட்டு வெட்டி விடுறேன். ஒங்களுக்கு அளவா வந்து சேரும். போன வருஷம் மாதிரி ஒங்க அணையும் போகாது. நீ பொறந்த ஊர்தானே இது, நம்ப மாட்டியா?"

நம்பினாள். நம்பியதோடு நின்றாளா? கீழப்பட்டிப் பெண்கள் பத்துப் பேரைக் கூட்டிவந்து, வற்றிய குட்டையிலிருந்து கரம்பை மண்ணை வெட்டி, தலைச்சுமையாகச் சுமந்து, அண்ணனுடைய அணைக்குக் கொட்டினாள். தன் ஊருக்கு வரும் தண்ணீரை மறிக்கும் சுவருக்குத் தானே மண் சுமந்தவள் அவள்.

அந்தக் கூடைகளில் ஒன்றில் ஒரு நண்டு வந்தது. அந்தக் காலத்து நண்டுக்கு வளை தோண்டத் தெரியாது. முதுகு உருண்டையாக இருக்கும், குட்டைச் சேற்றில் சும்மா புதைந்து கிடக்கும். வெயில் காலம் முழுக்கத் தூங்கும். ஒச்சம்மாள் சேற்றோடு அதை வாரியது அவளுக்கும் தெரியாது, தூக்கத்தில் நண்டுக்கும் தெரியாது. அணையின் நடுவில் மண்ணைக் கொட்டிவிட்டு அவள் அடுத்த நடைக்குக் குட்டைக்குப் போய்விட்டாள்.

திமிசு முதல் தடவை விழுந்தது. மண்ணுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"யாரது மேல? நிறுத்துங்க. நான் உள்ள இருக்கேன்."

திமிசு பிடித்த நாலு பேரும் கேட்டார்கள். கட்டை பாதியில் நின்றது. மொக்கையன், "நண்டு ஒண்ணு மாட்டிக்கிருச்சு. தோண்டி எடுத்து விட்டுருவோம்" என்றான்.

பூலாண்டி குனிந்து பார்த்தான். மண்ணுக்கு வெளியே ஒரு கொடுக்கு நுனி ஆடிக்கொண்டிருந்தது.

"குழைச்ச மண்ணு. இப்பத் தோண்டினா அந்த எடம் பொக்காப் போயிரும். ஒரு நண்டுக்காக அணையைப் பொக்கா விடச் சொல்றியா? ம், போடு."

"பூலாண்டி, நான் உள்ள இருக்கேன்" என்று மறுபடியும் கேட்டது.

"போடுங்கிறேன்ல."

போட்டார்கள். எனக்கு இன்னும் ஆறாத விஷயம் இதுதான். நாலு பேர் இருந்தார்கள், நாலு பேருக்கும் காது இருந்தது. ஒருத்தன் கையை எடுத்திருந்தால் திமிசு ஓங்கியிருக்காது. ஒருத்தரும் எடுக்கவில்லை, நியாயம் பேசிய மொக்கையன் உட்பட. பத்துத் தடவை இடித்தபின் சத்தம் நின்றது. சாயங்காலத்துக்குள் அதன்மேல் இன்னும் முப்பது கூடை மண் விழுந்தது. ஒச்சம்மாளிடம் யாரும் மூச்சு விடவில்லை.

அணை இரண்டு ஆள் உயரத்துக்கு எழும்பியது. காய்ந்தபின் ஆட்டுக்கல் போல இருந்தது. கடப்பாரையால் தட்டிப் பார்த்தால் டங்கென்று திரும்பி வந்தது. பூலாண்டி ஒவ்வொரு நாளும் வந்து அதைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போவான்.

ஐப்பசியில் ஒரு பகல். சுள்ளென்று வெயில். பூலாண்டி அணைமேல் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான். மணல் உறுமியது.

வெள்ளம் வந்து அணையில் முட்டியது. கரையில் நின்ற மேலப்பட்டிச் சனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. அணை அசையவில்லை. முள்ளும் கட்டையுமாக அடித்துப் பார்த்துவிட்டு, தண்ணீர் அடங்கிப்போய் வாய்க்காலில் திரும்பியது. வயல் ஒவ்வொன்றாக நிறைந்தது. கணுக்கால், கெண்டைக்கால், முழங்கால்.

"போதும்யா. வெட்டி விடு" என்றான் மொக்கையன்.

பூலாண்டி தண்ணீரைப் பார்த்தான். ரெண்டு வருஷம் காய்ந்து கிடந்த கண் அது. முழங்கால் தண்ணீரில் வெயில் தகதகவென்று அடித்தது.

"இன்னும் ஒரு சாண் ஏறட்டும்" என்றான்.

கீழே என்ன நடந்தது என்று சொல்கிறேன். வெள்ளத்தின் சத்தம் கேட்டு கீழப்பட்டிக்காரர்கள் தங்கள் அணையருகே ஓடிவந்து காத்திருந்தார்கள். சத்தம் மட்டும் கேட்டது, தண்ணீரைக் காணோம். ஒச்சம்மாள் பொறுக்க முடியாமல் ஆற்று மணலிலேயே மேலே நடந்து வந்தாள். அணையடிக்கு வந்து நிமிர்ந்து பார்த்தாள். அவள் தலைக்கு மேலே ஓர் ஆறு நிற்கிறது. அவள் காலடியில் மணல் சுடுகிறது.

"அண்ணே, வெட்டி விடுண்ணே" என்று கூப்பிட்டாள்.

மேலே அண்ணன் தலை தெரிந்தது. "வந்துட்டியா ஒச்சு. இரு, இன்னும் ஒரு சாண் ஏறட்டும்."

"முழங்காலுக்கு வெட்டுறேன்னு சொன்னியே."

"சொன்னேன். இப்ப யாரு இல்லேன்னா? ஒரு சாண்தானே கேக்குறேன்."

இவள் கேட்க வேண்டியதை அவன் கேட்டான். ஒச்சம்மாளுக்கு நம்பவே முடியவில்லை. சின்ன வயசில் தன்னை இதே மணலில் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிய அண்ணன்தானா இது என்று அண்ணாந்து பார்த்தாள். பிறகு, "ஒரு மரக்கால் விதைதாண்ணே இருக்கு" என்றாள். அது அவனுக்குக் கேட்டதோ இல்லையோ, அவன் தலை மறைந்துவிட்டது.

அந்த ஒரு சாணும் ஏறியது. அதற்கு மேலும் ஏறியது. மலையில் மழை விட்டபாடில்லை. தொடையளவு தண்ணீர் தாங்காமல் வயல் வரப்புகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. அப்போதுதான் பூலாண்டிக்குப் பயம் தட்டியது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அணையின் நடுவுக்கு ஓடி ஓங்கிப் போட்டான். வெட்டு விழவில்லை. பொறிதான் பறந்தது. கடப்பாரையைக் கொண்டுவரச் சொன்னான். அதன் முனை மழுங்கியது. எவ்வளவு பாடுபட்டு இறுக்கியிருந்தான்!

போக வழியில்லாத தண்ணீர் சும்மா இருக்குமா? அணையின் ஓரத்தைச் சுற்றிக் கரையை அரிக்கத் தொடங்கியது. கரைக்கு அந்தப் பக்கம் இருந்தவை வயல்கள். முதலில் பிளந்தது பூலாண்டியின் வயல். பல தலைமுறையாக வெள்ளம் கொண்டுவந்து படியவைத்த வண்டல், ஆள் உயரத்துக்கு, அடை அடையாகப் பெயர்ந்து தண்ணீரில் விழுந்தது. ஒரு வயல் போனது, அடுத்தது போனது. ஆறு தன் பழைய தடத்தை விட்டுவிட்டு வயல்வழியாக வேறு திக்கில் போகப் பார்த்தது. போயிருந்தால் மேலப்பட்டிக்கு மண் இல்லை, கீழப்பட்டிக்கு ஆறே இல்லை.

ஒச்சம்மாளுக்கு இது ஒன்றும் தெரியாது. அவள் சுவரின் நடுவில் கையை ஊன்றி நின்றிருந்தாள். அவள் கண்ணுக்கு நேரே காய்ந்த மண்ணில் ஒரு பொருக்கு உதிர்ந்தது. இன்னொன்று உதிர்ந்தது. பிறகு உள்ளேயிருந்து ஒரு கொடுக்கு வெளியே வந்தது.

அவள் சட்டென்று கையை எடுத்துக்கொண்டு ஓரடி பின்வாங்கினாள். கொடுக்கைத் தொடர்ந்து மண் அப்பிய ஒரு நண்டு வெளியே வந்தது. அதன் முதுகு பலகையாகத் தட்டையாயிருந்தது. அதன் பின்னால் ஊசி கனத்துக்கு ஒரு தண்ணீர் இழை.

"நீ யாரு? இதுக்குள்ள எப்படி வந்தே?" என்றாள்.

"ஒன் கூடையிலதான் வந்தேன், தாயி. உள்ள இருக்கேன், உள்ள இருக்கேன்னு கத்தினேன். மேல வச்சு இடிச்சாக. இருக்கிற ரெண்டு கொடுக்கை வச்சு ரெண்டு மாசமாத் தோண்டுறேன். முதல்ல அந்தப் பக்கம் தோண்டிப் போயிட்டேன், இன்னைக்குத் தண்ணி வந்து முட்டவும்தான் அது வெள்ளம் வர்ற பக்கம்னு தெரிஞ்சது. இந்தப் பக்கம் திரும்பினேன்."

"ஒன்னை வச்சு இடிச்சாகளா? யாரு?"

தண்ணீர் இழை அதற்குள் விரல் கனம் ஆகிவிட்டது. "தள்ளிப் போயிரு தாயி. நிக்காதே, ஓடு" என்றது நண்டு.

ஒச்சம்மாள் கரையைப் பார்த்து ஓடினாள். ஓடும்போதே மேலே பார்த்தாள். அணையின் நடுவில், சரியாக அந்த இடத்துக்கு மேலே, அண்ணன் கடப்பாரையோடு நின்றிருந்தான். "எறங்குண்ணே, எறங்கு" என்று கத்தினாள். அவன் காதில் விழவில்லை. விரல் கனம் கை கனமாகி, கை கனம் குடம் கனமாகி, அணையின் நடு பத்தடி அகலத்துக்கு அப்படியே வாய் பிளந்தது. பூலாண்டி அதோடு போனான்.

ஆறு பழைய தடத்துக்குத் திரும்பியது. கரை அரிப்பது நின்றது. அதற்குள் மேலப்பட்டியில் பதினோரு வயல் போயிருந்தது. தண்ணீர் அந்தப் பத்தடி வாய்வழியாக அளவாகக் கீழே இறங்கி, கீழப்பட்டி முள் அணையில் முட்டி, திரும்பி, வயலில் ஏறியது. அது ஒரு சாண் ஏறியபோது மலையில் மழை நின்றுவிட்டது. வெள்ளமும் நின்றது.

பூலாண்டியைத் தேடி இரண்டு ஊரும் ஓடியது. ஒச்சம்மாள்தான் கண்டுபிடித்தாள். அவளுடைய வயல் வரப்பிலேயே அவனைத் தண்ணீர் கொண்டுவந்து போட்டிருந்தது. வலது கை ஒடிந்திருந்தது. வாய் நிறைய வண்டல். அவள் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்து, விரலை விட்டு மண்ணை எடுத்தாள். உயிர் இருந்தது. ஆனால் ஒரு மாதம் பேச்சு வரவில்லை.

அவன் பேசாத அந்த ஒரு மாதத்தில் வயல் ஊறி இறங்கியது. ஒச்சம்மாள் பானையின் வாயைத் தட்டி உடைத்து அந்த ஒரு மரக்கால் சோளத்தை விதைத்தாள். முளைத்தது. பயிர் விரல் உயரம் வந்தபோது, கட்டுப்போட்ட கையோடு வரப்பில் உட்கார்ந்திருந்த பூலாண்டி முதன்முதலாக வாயைத் திறந்தான்.

"ஒன் வயல்ல எம்புட்டுத் தண்ணி நின்னுச்சு, ஒச்சு?"

"ஒரு சாண்" என்றாள் அவள். அவனுக்கு வயல் இல்லை. அந்த வருஷம் அவன் குடும்பம் முழுக்கக் குடித்தது தங்கை வயல் சோளக் கஞ்சிதான்.

அடுத்த ஆவணியில் மேலப்பட்டிக்காரர்கள் அணையைப் பார்க்கப் போனார்கள். இரண்டு பக்கத்துத் தோளும் கல்லாக அப்படியே நின்றது. நடுவில் மட்டும் பத்தடி வாய். கல்லும் கரம்பையும் வெட்டிக் கூட்டி வைத்து, அடைக்கலாம் என்று நின்றபோது ஒச்சம்மாள் வந்தாள். பின்னால் கீழப்பட்டி முழுக்க வந்தது, ஆளுக்கொரு மணல் கூடை, ஆளுக்கொரு முள்கட்டு.

"தோளு ரெண்டும் ஒங்களுது. அதை எம்புட்டு வேணாலும் இறுக்கிக் கட்டுங்க. நடுவாயை நாங்கதான் அடைப்போம்" என்றாள்.

"எதை வச்சு அடைப்பீங்க?" என்று ஒரு மேலப்பட்டிக்காரன் கேட்டான்.

"மணலும் முள்ளும். ஒங்க வயல் முழங்கால் நிக்கிற மட்டும் தாங்கும். அதுக்கு மேல தாங்காது."

எல்லோரும் பூலாண்டியைப் பார்த்தார்கள். அவன் வளைந்த கையால் முதல் மணல் கூடையை வாங்கித் தங்கை தலையிலிருந்து இறக்கி வைத்தான். ஒரு மாத வேலை மூன்று நாளில் முடிந்துவிட்டது. அந்த ஐப்பசியில் வெள்ளம் வந்தபோது நடுவாய் முழங்காலளவுக்குத் தாங்கி, பிறகு தானே அறுத்துக்கொண்டு போனது. தோள் இரண்டும் அசையவில்லை. இரண்டு ஊரும் ஒரே நாளில் விதைத்தது.

அந்த மூன்று நாள் வேலைக்கு நடுவில், தோளின் உடைந்த விளிம்பில் ஓர் இடத்தை இறுக்க வேண்டியிருந்தது. நாலு பேர் திமிசைத் தூக்கினார்கள். பூலாண்டி கையைக் காட்டி நிறுத்தினான். மண்ணுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, காதை வைத்து, "உள்ள யாரும் இருக்கீகளா?" என்று கேட்டான். ஒரு பதிலும் வரவில்லை. அவன் எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று.

அந்த நண்டுக்குத் தட்டை முதுகோடு பிறந்த பிள்ளைகள் எந்த மண்ணுக்குள் போனாலும் வெளியே வர வழி தோண்டிக்கொண்டுதான் படுக்கின்றன. வயல் வரப்பில் நண்டு வளையைக் கண்டால் சேற்றை அப்பி மிதிக்கிற மேலப்பட்டிக்காரர்கள், ஆற்று நடுவாயில் கண்டால் காலைக்கூட வைப்பதில்லை. நண்டு மனிதரோடு பேசுவதை விட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனாலும் செங்காட்டாற்றில் திமிசை ஓங்குகிறவர்கள் முதல் இடிக்கு முன்னால் கட்டையை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு, "உள்ள யாரும் இருக்கீகளா?" என்று கேட்டு, ஒரு மூச்சு நேரம் காதுகொடுத்து நிற்பது அன்று முதல்தான்.